ஃபைலில் இருக்கட்டும், கணக்கில் வேண்டாம்

1. சீல் குத்தி வந்த ஸ்கோர்

குவைத்தில் மங்காஃப் பக்கம் ஓர் இந்தியப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சராக இருந்தேன். பிறகு, வேறு யாரும் முன்வராததால், வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் கல்லூரி கவுன்சிலர் ஆனேன். விளையாட்டுச் சாமான் வைத்திருந்த அறையைக் காலி செய்து, ஒரு மேஜையும் ஒரு கம்ப்யூட்டரும் போட்டு, கதவில் என் பெயரை ஒட்டினார்கள். நான் ஓய்வு பெறும்வரை அந்த அறையை விட்டுப் பழைய ஃபுட்பால் வாடை போகவே இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் டீச்சர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'தேர்வு ஸ்கோரைக் கொடுப்பது உங்கள் விருப்பம்' என்று சொல்லும் அமெரிக்கக் கல்லூரிக்கு ஸ்கோரைக் கொடுக்கச் சொல்வதா, வேண்டாம் என்பதா? அட்டவணை போட்டுப் பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அட்டவணை வைத்திருந்தேன். அதைத் தூக்கிப் போட வைத்தவள் மெர்லின் என்கிற பன்னிரண்டாம் வகுப்புப் பெண். அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஏழு, ஜனவரி. குவைத்தில் நல்ல குளிர். ஸ்வெட்டரோடு உட்கார்ந்து மெயிலைத் திறந்தால், மெர்லின் விண்ணப்பித்திருந்த கல்லூரியிலிருந்து ஒரு கடிதம். அட்மிஷன் ஆபீஸில் இருந்த ஒரு பெண்மணி மிக மரியாதையாக எழுதியிருந்தார். 'என் ஸ்கோரைக் கணக்கில் எடுக்க வேண்டாம்' என்று மாணவி இணையத்தில் குறித்திருக்கிறாள். ஆனால் நேற்று வந்த கூரியரில் அவளுடைய ஸ்கோரின் நகல் இருக்கிறது. அதன்மேல் ஓர் எம்பஸியின் சீல்கள் வேறு இருக்கின்றன. இரண்டில் எதை நாங்கள் எடுத்துக்கொள்வது? மாணவியே தன் சொந்த வார்த்தைகளில், இந்த வாரத்துக்குள் எழுதட்டும்.

அந்த சீலை யார் குத்தி வாங்கியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் சரி

மெர்லினின் அம்மா ரோஸ்லின் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா கிளமென்ட் எண்ணெய்க் குழாய் போடும் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் டெக்னீஷியன். தூத்துக்குடிப் பக்கக் கடற்கரைக்காரர்கள். நான் பாளையங்கோட்டைக்காரி. அந்த உரிமையில் அவரை நான் அண்ணாச்சி என்பேன், அவர் என்னை மிஸ் என்பார்.

மெர்லின் சின்னக் குழந்தையாகக் குவைத்துக்கு வந்தவள். வகுப்பில் முதல் மூன்று பேரில் எப்போதும் இருப்பாள். கணக்கு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவளுக்குக் கணக்கை மட்டும் படிக்க விருப்பமில்லை. கணக்கும் சரித்திரமும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்றாள். நம் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவளுடைய பெரியப்பா போனிலேயே சிரித்தாராம். தூத்துக்குடியில் தன் வீட்டில் தங்கி இன்ஜினீயரிங் படிக்கட்டும், இடம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். வீட்டில் அதுதான் முடிவாக இருந்தது.

அந்த ஒரு கல்லூரிதான் குறுக்கே வந்தது. இரண்டு பாடத்தையும் சேர்த்துப் படிக்கலாம். வெளிநாட்டுப் பிள்ளைகளில் சிலருக்கு முழுச் செலவையும் கல்லூரியே ஏற்கும். கிடைத்தால் அமெரிக்கா, கிடைக்காவிட்டால் பெரியப்பா வீட்டு மாடி அறை. நடுவில் வேறு வழி கிடையாது. மெர்லினுக்கும் எனக்கும் இது நன்றாகத் தெரியும்.

எஸ்ஏடி என்பது அமெரிக்கக் கல்லூரிகளுக்காக எழுதும் தேர்வு. அன்றைக்கு அதில் மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் எண்ணூறு. மெர்லின் கணக்கில் எழுநூற்று எழுபது வாங்கினாள். எழுத்தில் சுமாருக்கு மேல். வாசிப்புப் பகுதியில் நானூற்று எழுபது. அந்த எண்ணைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் தப்பாகக் காட்டுகிறதோ என்று நினைத்தேன். மறுபடி எழுதச் சொன்னேன். மறுபடியும் ஏறக்குறைய அதே எண்தான் வந்தது.

என்னதான் செய்கிறாய் என்று பழைய வினாத்தாளை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பத்தியைப் படித்து, ஐந்து பதிலில் ஒன்றைக் குறிக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் படக் படக்கென்று குறித்துக்கொண்டு போவார்கள். இவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"மிஸ், அஞ்சுல மூணு கொஞ்சம் கொஞ்சம் சரியாத்தானே இருக்கு? எழுதினவங்க எதை நினைச்சாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குக் கோபம் வந்தது. கேள்வி கேட்டவன் எதை நினைத்தானோ அதைக் குறி, உனக்கு எதற்கு ஊர் வம்பு என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டுவிட்டு அந்தப் பத்தியை நானும் ஒரு தடவை படித்தேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வெளியே சொல்லவில்லை.

என் அட்டவணைப்படி இது சந்தேகமே இல்லாத கேஸ். ஸ்கோர் கேட்காத கல்லூரி, வாசிப்பில் படுத்துவிட்ட ஸ்கோர். கொடுக்கக் கூடாது. ஆனால் கொடுப்பதென்றால் மொத்தமாகத்தான் கொடுக்க முடியும். வாசிப்பை மறைத்தால் கணக்கில் வாங்கிய எழுநூற்று எழுபதும் சேர்ந்து போய்விடும். யோசித்துச் சொல் என்று அனுப்பினேன். சில நாள் கழித்து வந்து நின்றாள்.

"எனக்கு அந்த மார்க் வெக்கமா இல்ல மிஸ். யாராவது கேட்டா சொல்லிடுவேன். ஆனா இந்தக் காலேஜ் கேக்கல. கேக்காததை நானே கொண்டுபோய்க் கொடுத்து, இதை வச்சு என்னைப் பாருங்கன்னு சொல்ல எனக்கு இஷ்டமில்ல."

நான் அட்டவணையைப் பார்த்து வந்து சேர்ந்த இடத்துக்கு அந்தப் பெண் தன் வழியாகவே வந்திருந்தாள். மெச்சிக்கொண்டேன்.

ஸ்கோர் கொடுக்காதவர்கள், அதற்குப் பதிலாக, பள்ளியில் எழுதி ஆசிரியர் திருத்திய கட்டுரை ஒன்றை அனுப்ப வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் விதி. இங்கேதான் மாட்டிக்கொண்டோம். நம் பள்ளிகளில் திருத்துவது என்றால் ஒரு டிக், ஒரு கையெழுத்து. கருத்து எழுதித் திருத்திய தாளுக்கு எங்கே போவது? மெர்லின் தன் பழைய பரீட்சைத் தாள்களைக் கிளறி ஒன்றைக் கொண்டுவந்தாள். 'என் பக்கத்து வீட்டார்' என்று சின்னதாக ஒரு கட்டுரை எழுதச் சொன்னதற்கு நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தாள்.

அவர்கள் குடியிருந்த மங்காஃப் கட்டிடத்தில் பாதி வீடுகள் நர்ஸ் வீடுகள். அம்மாக்களுக்கு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். எந்த வீட்டு அம்மா அன்றைக்கு ஆஃப் டியூட்டியோ, அந்த வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு, வீட்டுப்பாடம், அடி எல்லாம் உண்டு. மலையாளத்து வீட்டில் ஒரு நாள், கோவாக்கார வீட்டில் ஒரு நாள் என்று தான் வளர்ந்ததை எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் ஆங்கில டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'மனதைத் தொட்டது. ஆனால் பரீட்சையில் இவ்வளவை யார் படிப்பார்கள்? நீளத்துக்காக இரண்டு மார்க் குறைக்கப்படுகிறது.'

இதைத்தான் அனுப்பப் போகிறாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். நான் சிரித்து முடிப்பதற்குள் நகல் எடுக்கப் போய்விட்டாள்.

3. கிளமென்ட் அண்ணாச்சியின் கவுண்டர்கள்

மகள் எடுத்த முடிவை அப்பாவுக்குச் சொல்லக் கூப்பிட்டேன். கம்பெனி கவரால் உடுப்போடு, பாதுகாப்பு ஷூவோடு நேராக சைட்டிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"மிஸ், இஷ்டம்னு எழுதியிருந்தா கட்டாயம் கொடுக்கணும்னுதான் அர்த்தம். இந்த ஊர்ல நான் நிக்காத கவுண்டரா?"

வளைகுடாவில் குடும்பம் வைத்துப் பிழைத்தவர்களுக்கு இது புரியும். எங்கள் வாழ்க்கையே காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தங்குவதற்கு இகாமா, சிவில் ஐடி, சான்றிதழ், அதற்கு அட்டெஸ்டேஷன், அந்த அட்டெஸ்டேஷனுக்கு மேல் ஓர் அரபி சீல். ரோஸ்லினும் குழந்தையும் வருவதற்கு அவர் விசா எடுத்த கதையைச் சொன்னார். மாதா கோயிலில் கொடுத்த கல்யாணச் சான்றிதழ் தேவையில்லை என்று முதல் கவுண்டரில் சொல்லியிருக்கிறார்கள். நம்பிக் கொண்டுபோகவில்லை. இரண்டாவது கவுண்டரில் அதையே கேட்டு, இல்லை என்றதும், 'மாஃபி, கலாஸ்', அதாவது இல்லை, முடிந்தது என்று ஃபைலைத் திருப்பி நீட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் போல இழுத்தது. மெர்லின் முதன்முதலில் எழுந்து நடந்ததை அவர் பார்க்கவில்லை.

அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. நான்தான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது அவர் தொழில். குழாய்களை வெல்டிங் செய்து ஒட்டிய இடத்தை எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே ஓட்டையோ விரிசலோ இருந்தால் ஃபிலிமில் தெரியும். அந்த ஃபிலிமைப் பார்த்து இது பாஸ், இது ரிப்பேர் என்று சொல்வதுதான் அவர் வேலை.

"ரிப்பேர் பண்ணி மறுபடி ஃபிலிம் எடுப்போம் மிஸ். ரெண்டாவது நல்லா வந்துட்டுன்னு முதல் ஃபிலிமைக் கிழிச்சுப் போட்டா, அன்னைக்கே டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிருவான். கெட்ட ஃபிலிமும் ஃபைல்ல இருக்கணும். அப்பதான் அது ஃபைலு."

பக்கத்தில் நின்ற மெர்லின் மெதுவாகக் கேட்டாள், எக்ஸ்ரே வேண்டும் என்று கேட்காத ஜாயின்ட்டுக்கு எக்ஸ்ரே எடுத்துக் கொடுப்பீர்களா என்று.

"எடுக்க மாட்டோம். ஆனா எடுத்துட்டா ஃபைல்ல வப்போம்," என்றார்.

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒரே அச்சு. எங்கே பிடித்து இழுத்தாலும் வளையாத பிடிவாதம். நான் நடுவில் புகுந்து, கல்லூரி விதியை வரி வரியாகத் தமிழில் விளக்கினேன். கடைசியில், உன் இஷ்டம் பிள்ளே என்று மகளிடம் சொன்னார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் கண்முன்னாலேயே மெர்லின் கம்ப்யூட்டரில் 'கணக்கில் எடுக்க வேண்டாம்' என்ற கட்டத்தைக் குறித்தாள்.

பள்ளி மார்க் பட்டியல், என் சிபாரிசுக் கடிதம், திருத்திய கட்டுரை எல்லாவற்றையும் உறையில் போட்டு, பள்ளி சீல் ஒட்டி, ஃபஹாஹீலில் கூரியர் போடும்படி அண்ணாச்சி கையில் கொடுத்தேன். ஒரு வளைகுடாக்காரர் கையில் ஒற்றை உறையைக் கொடுத்து, இதை மட்டும் அனுப்பு என்று எதிர்பார்த்தேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

4. 'எரர்' என்று எழுத மாட்டேன்

மெயிலைப் பார்த்த கையோடு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். என்ன காரியம் செய்துவிட்டீர்கள் என்று ஆரம்பித்து, அவர் வாயைத் திறக்கவே விடாமல் பேசினேன். மத்தியானம் மூன்று பேரும் என் அறையில் இருந்தோம். அவர் உட்காரவில்லை. கவராலில் மண் ஒட்டியிருந்தது, நாற்காலி அழுக்காகிவிடும் என்றார்.

கூரியரில் என்னவெல்லாம் போனது என்று கேட்டேன். நான் கொடுத்த உறையைப் பிரிக்காமல் ஒரு பெரிய உறைக்குள் வைத்திருக்கிறார். கூடவே அவருடைய ஃபைல். பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், எல்லோருடைய பாஸ்போர்ட் நகல், தடுப்பூசி அட்டை, மெர்லின் ஆறாம் வகுப்பில் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய சான்றிதழ், அப்புறம் அந்த ஸ்கோர். ஒவ்வொன்றுக்கும் லீவு போட்டு எம்பஸியில் நின்று, அசலின் சரியான நகல் என்று ட்ரூ காப்பி சீல்.

"வேண்டாம்னுதானே முடிவு பண்ணினோம் அண்ணாச்சி?"

"கம்ப்யூட்டர்ல வேண்டாம்னு அவ குத்தினா. அதை நான் தொடல மிஸ். அது அவ ஃபாரம். இது என் ஃபைலு."

அவர் வம்புக்குச் சொல்லவில்லை. அவர் மனசில் இரண்டும் வேறு வேறு. மகள் முடிவை அவர் மீறவில்லை, மகளுடைய ஃபைல் ஒரு காகிதம் குறைவாகப் போய்க் கவுண்டரில் திரும்பி வந்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் இப்போது அந்த நானூற்று எழுபதை அங்கே ஒருவர் கண்ணால் பார்த்துவிட்டார். இடம் ஊசலாடுகிறது என்று நான் அப்பட்டமாகச் சொன்னேன். அண்ணாச்சி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் எழுதிக் கொடுக்கேன் மிஸ். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது, படிக்காத தகப்பன் தப்பாப் போட்டுட்டான்னு எழுதுங்க. எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க."

அதுதான் சுலபமான வழி. நான் ஏற்கெனவே, 'எரர்' என்ற வார்த்தையைப் போட்டு, ஆங்கிலத்தில் நான்கு வரி தயார் செய்து வைத்திருந்தேன். 'என் தந்தையால் தவறுதலாக அனுப்பப்பட்டது. தயவுசெய்து அதைப் பொருட்படுத்த வேண்டாம்.' மெர்லினை உட்கார வைத்து, இதை உன் பெயரில் அனுப்பு, பத்து நிமிஷ வேலை என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள். நான் பதறிக்கொண்டிருந்தபோதும் அவள் எப்போதும் போல இரண்டு தடவை படித்தாள். பிறகு என் நான்கு வரியையும் ஒவ்வொன்றாக அழித்தாள்.

"எரர்னு எழுத மாட்டேன் மிஸ். அப்பா தெரியாம அனுப்பல. சரின்னு நினைச்சு, லீவு போட்டு, க்யூல நின்னு அனுப்பினாங்க. யாருன்னே தெரியாதவங்ககிட்ட போய் எங்கப்பா தப்புப் பண்ணிட்டாங்கன்னு சொல்லி எனக்கு சீட் வேண்டாம்."

எனக்குச் சுருக்கென்றது. அப்படியானால் ஸ்கோரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லப் போகிறாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அந்த முடிவு தன்னுடையது, அதுவும் மாறாது என்றாள்.

இரண்டும் எப்படி முடியும் என்று நான் கத்தாத குறை. பதினேழு வயசுப் பெண் நாற்காலியைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா, கேட்காத ஃபிலிம் ஒன்று இருந்தால் அதை ஃபைலில் எப்படி வைப்பீர்கள் என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். என்ன கேட்கிறாள் என்று அவருக்கும் புரியவில்லை. ஆனால் தொழில் கேள்வி என்றால் அவர் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார்.

"அதுக்குன்னு ஒரு ஸ்டாம்ப் இருக்கு. 'ஃபார் இன்ஃபர்மேஷன் ஒன்லி'ன்னு. அதை அடிச்சு உள்ள வச்சிருவோம். அதைப் பாத்து ஜாயின்ட்டை பாஸ் பண்ணவும் மாட்டான், வெட்டவும் மாட்டான். சும்மா இருக்கும்."

"அதான் மிஸ்," என்றாள் மெர்லின்.

அரை மணி நேரத்தில் எழுதி முடித்தாள். ஆங்கிலத்தில் எழுதியதை என் நினைவிலிருந்து சொல்கிறேன். நாங்கள் வாழும் ஊரில் ஒரு காகிதம் இல்லாததால் குடும்பங்கள் பிரிந்து இருந்திருக்கின்றன, எங்கள் குடும்பமும் இருந்திருக்கிறது. அதனால் என் அப்பா எந்த ஃபைலையும் குறையாக அனுப்ப மாட்டார். அவர் அனுப்பியது சரி. ஸ்கோரைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று நான் குறித்ததும் சரி, அது மாறவில்லை. தயவுசெய்து அந்தத் தாளைத் திருப்பி அனுப்ப வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். என் அப்பா செய்யும் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, அதன்படி அதன்மேல் 'தகவலுக்கு மட்டும்' என்று எழுதி என் ஃபைலிலேயே வைத்துவிடுங்கள்.

வாசிப்பில் ஏன் மார்க் குறைந்தது என்று ஒரு வார்த்தை அவள் எழுதவில்லை. இரண்டு வரி காரணம் சொல்லலாமே என்று நான் இழுத்துப் பார்த்தேன். கணக்கில் வராத ஒன்றுக்குக் காரணம் எதற்கு மிஸ் என்று கேட்டுவிட்டு அனுப்பும் பட்டனை அழுத்தினாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குப் பயம்தான் இருந்தது. ஆனால் பயத்தையும் மீறி அந்தப் பெண்ணை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சிக்கு அவள் எழுதியதை நான்தான் தமிழில் படித்துச் சொன்னேன். 'அவர் அனுப்பியது சரி' என்ற இடம் வந்ததும், சைட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வெளியே போய்விட்டார். சைட்டுக்கு நேரம் ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. கண்ணைத் துடைக்கப் போயிருக்கிறார்.

மறுநாள் அந்தப் பெண்மணியிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. மாணவி கேட்டபடியே குறித்து ஃபைலில் வைத்துவிட்டோம், அது கணக்கில் வராது.

5. தபால் பெட்டி

அப்புறம் காத்திருப்பு. மார்ச்சில் போர்டு பரீட்சைகள் ஆரம்பித்தன. ஊரிலிருந்து பெரியப்பா கல்லூரி விவரப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார். ரோஸ்லின் ஆஸ்பத்திரியிலிருந்து டியூட்டி இடைவேளையில் போன் செய்து, ஏதாவது வந்ததா மிஸ் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

குவைத்தில் வீட்டுக்குத் தபால் வருவதை நம்ப முடியாது, எல்லாம் போஸ்ட் பாக்ஸ்தான். பள்ளியின் பாக்ஸ் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். ஆபீஸ் டிரைவர் ஒரு காலையில் தபால் கட்டைக் கொண்டுவந்து போட்டார். நடுவில் கனமான ஓர் உறை. இடம் இல்லை என்று சொல்வதற்கு ஒரு தாள் போதும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் உறை அவள் பெயரில் இருந்தது. அவளோ பரீட்சை ஹாலில் ஃபிசிக்ஸ் எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். பிறகு அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து, மிஸ், சத்தம் கேட்கிறது, வேறு செருப்புப் போட்டுக்கொண்டு நடங்கள் என்றார்.

மணி அடித்தது. மெர்லின் வெளியே வந்தாள். அப்பா கவராலோடு நிற்பதைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். உறையைப் பிரித்து, அவள் வழக்கப்படி இரண்டு தடவை படித்தாள். அந்த இரண்டாவது தடவை எங்கள் உயிர் போய்விட்டது. பிறகு கடிதத்தை அப்பாவிடம் கொடுத்து, "கிடைச்சிருச்சுப்பா, முழுசா" என்றாள்.

கடிதத்தின் அடியில் ஒரு வரி கையால் எழுதியிருந்தது. நர்ஸ் வீடுகளைப் பற்றிய கட்டுரையை எங்கள் கமிட்டியில் எல்லோரும் படித்தோம், நீளம் அதிகம் என்று யாரும் சொல்லவில்லை. இதை ஆங்கில டீச்சருக்குக் காட்டினேன். குறைத்த இரண்டு மார்க்கை இப்போது திருப்பித் தர முடியாதே என்று சொல்லிக்கொண்டே அழுதார்.

அன்றோடு என் அட்டவணையைத் தூக்கிப் போட்டேன். அதற்குப் பிறகு ஸ்கோரைத் தூக்கிக்கொண்டு வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும், கொடுப்பதா வேண்டாமா என்று நான் முதலில் சொல்வதில்லை. உன் முடிவு என்ன என்று கேட்பேன். சொன்னதும், உன் வீட்டில் இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் யார் என்று கேட்பேன். நிச்சயம் ஒருவர் இருப்பார். அவரைத் தப்பு என்று சொல்லாமல் உன் முடிவை அவருக்கு விளக்கிவிட்டு வா, பிறகு கட்டத்தைக் குறிக்கலாம் என்று அனுப்புவேன். சில பிள்ளைகள் திரும்பி வரும்போது முடிவை மாற்றியிருப்பார்கள். மாற்றாமல் வரும் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்து வருவார்கள். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான், இதையும் நானாகக் கற்றுக்கொள்ளவில்லை.

கடிதம் வந்த அன்று மத்தியானம் மெர்லின் அம்மாவுக்குப் போன் செய்ய ஆபீஸுக்குப் போயிருந்தாள். அண்ணாச்சி என் அறை வாசலிலேயே நின்றார். அட்மிஷன் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடங்காமல் மார்போடு பிடித்திருந்தார். நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன், எம்பஸியில் இதற்கு ட்ரூ காப்பி சீல் வாங்கப் போகிறேன் என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவரும் சிரித்தார். போகத் திரும்பியவர் மறுபடி நின்றார்.

"மிஸ், அந்த ஸ்கோரு இன்னும் அவங்க ஃபைல்லதான இருக்கு?"

"இருக்கு அண்ணாச்சி. பிள்ளை சொன்ன மாதிரியே எழுதி வச்சிருக்காங்க."

"அது போதும்," என்றார்.

கடிதத்தைக் கையில் வாங்கியபோதுகூட அவர் முகத்தில் நான் அந்த நிம்மதியைப் பார்க்கவில்லை. தன் மகளைப் பற்றி எதையும் மறைக்காத ஒரு ஃபைலைப் பார்த்து அவளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு அது போதும். தொப்பியை மாட்டிக்கொண்டு சைட் பஸ்ஸைப் பிடிக்க வேகமாகப் படி இறங்கிப் போனார்.